நின்ற இதயத்தின் காவலர்

ஓடுகிற மோட்டாரை எவரும் பழுது பார்ப்பதில்லை, முதலில் நிறுத்துவோம். ஆனால் இதயத்தை நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடுமே! இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்ய எண்ணிய மருத்துவர்களை நெடுங்காலம் தடுத்து நின்றது இதுதான்.

1930-களின் தொடக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்மணியின் அருகே இரவெல்லாம் காத்திருந்தார் ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர். அப்பெண்மணி பிழைக்கவில்லை. இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, பிராணவாயு ஊட்டித் திருப்பி அனுப்ப முடிந்தால்? இக்கேள்வி அவரை விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவருடைய மனைவி மேரியும் துணை நின்றார். 1935-ல் ஒரு பூனையின் இதய, நுரையீரல் வேலையை அவர்களுடைய கருவி சிறிது நேரம் ஏற்றது.

வாயு விரைவாகக் கலக்க அகன்ற பரப்பு தேவை என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே பின்னர் அமைத்த இயந்திரத்தில், இரத்தம் கம்பிவலைகளின்மீது மெல்லிய படலமாக வழிந்து பிராணவாயுவைப் பெற்றது. ஆனால் அயற்பொருளைத் தொட்டால் இரத்தம் உறையும். அதைத் தடுக்க ஹெப்பரின் என்ற மருந்து வேண்டும்.

1953 மே 6. பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயத் துளையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிடங்கள் இயந்திரமே அவள் உயிரைத் தாங்கியது. இடையில் ஹெப்பரின் போதாமல் வலைகளில் இரத்தம் உறைந்தது. தானியங்கிக் கட்டுப்பாடு தவறியது. இயந்திரத்தருகே இருந்தவர்கள் அதைக் கையால் கட்டுப்படுத்தினார்கள். அவள் பிழைத்தாள். ஆனால் அதே ஆண்டில் அடுத்து வந்த இரு குழந்தைகள் இறந்தனர். கிப்பன் மனமுடைந்து அம்முயற்சியை நிறுத்தினார். 1955-ல் மேயோ மருத்துவமனையில் ஜான் கிர்க்ளின் அவ்வியந்திரத்தைத் திருத்தியமைத்துத் தொடர்ந்தார்.

இன்று அந்த இயந்திரத்தருகே இருப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட் எனப்படுகிறார். அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? முதலில் கணக்கு. உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று கொள்வோம். சதுர மீட்டருக்கு நிமிடத்திற்கு 2.4 லிட்டர் வீதம், சுமார் 3.8 லிட்டர் இரத்தம் ஓட வேண்டும். அடுத்தது விழிப்பு. தொட்டியில் இரத்தம் வற்றினால் காற்றுக்குமிழி மூளைவரை சென்றுவிடலாம். இரத்தம் உறையும் நேரத்தையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். மூன்றாவது, பதறாத மனம். மின்சாரமும் மாற்று ஏற்பாடும் தவறினால், பம்பைக் கையாலேயே சுழற்ற வேண்டும்.

மாணவ நண்பர்களே, பாய்வுவீதக் கணக்கு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணாதீர்கள். அறுவை அரங்கில் அதே கணக்கின் விடைக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது.