ஆர்க்கிட் வளர்ப்பில் தொட்டியும் நடவு ஊடகமும்

ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணில் வேர்விடாமல் மரக்கிளைகளைப் பற்றி வாழும் தொற்றுத் தாவரங்கள். இவை ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. மழைநீரும், பட்டையிடுக்கில் சேரும் மட்கும் இவற்றுக்குப் போதும். வேரின் மேல் வெலாமென் எனப்படும், இறந்த செல்களாலான பஞ்சு போன்ற உறை உண்டு. மழை பட்டதும் அது நீரை இழுத்துக்கொண்டு பச்சையாகத் தெரியும். காய்ந்ததும் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். இத்தகைய வேரைத் தோட்டமண்ணில் புதைத்தால், மண்துகள்களின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்ள, காற்றின்றி அழுகிவிடும். வீடுகளில் ஆர்க்கிட் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே வழக்கம்.

ஆகவே ஊற்றிய நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது, வேர்ப்பகுதி எத்தனை நாளில் காய்கிறது என்பதை வைத்தே தொட்டியையும் ஊடகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே முடிவு செய்ய முடியாது. மண்தொட்டி தன் சுவர் வழியாகவும் நீரை ஆவியாக்கி வேரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. அதில் ஈரம் காக்கும் ஊடகம் பொருந்தும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நெடுநேரம் நிற்பதால், அதற்குப் பெரிய துண்டுகளாலான ஊடகம் தேவை. அடிக்கடி தண்ணீர் ஊற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு மண்தொட்டியே பாதுகாப்பு. பக்கவாட்டிலும் துளையிட்ட மண்தொட்டிகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. உரத்தின் உப்பு மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெண்ணிறமாகப் படிவதும், வேர்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு மாற்றி நடும்போது அறுபடுவதும் அதன் குறைகள்.

ஃபலனாப்சிஸ் வகையை ஒளிபுகும் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பதில் ஒரு வசதி உண்டு. அதன் பச்சை வேர்கள் ஓரளவு ஒளிச்சேர்க்கை செய்பவை. அத்துடன் வேரின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் ஊற்றும் வேளையை முடிவுசெய்யலாம். வாண்டாவுக்கு மரச்சட்டக் கூடையே போதும், ஊடகமே வேண்டாம். ஆனால் ஏறக்குறைய நாள்தோறும் நனைக்க வேண்டும். டென்ட்ரோபியம் சிறிய தொட்டியில் நெருக்கமாக இருக்கும்போதே நன்கு பூக்கும். உயரமான செடி சாயாதிருக்கப் பெரிய தொட்டி வாங்குவது தவறு. சிறிய தொட்டியைக் கனமான வேறொரு தொட்டிக்குள் வைத்தால் போதும்.

ஊடகங்களின் வரலாற்றில் நீண்டகாலம் கோலோச்சியது ஆஸ்முண்டா என்ற பெரணியின் நார்வேர். 1950-களில் அமெரிக்காவில் ஃபிர் மரப்பட்டைத் துண்டுகள் அதன் இடத்தைப் பிடித்தன. மரப்பெரணியின் நாரும் சிறந்ததே. ஆனால் சயாத்தியா மரப்பெரணிகளின் பன்னாட்டு வணிகத்தை சைட்டஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது.

தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் போன்ற வெப்பப் பகுதிகளில் மரக்கரியும் செங்கல் துண்டும் எளிதில் கிடைப்பவை. இவை மட்குவதில்லை, இடைவெளி அடைபடுவதில்லை. ஊட்டம் ஏதும் தராததால் நீர்த்த உரத்தைத் தவறாமல் தெளிக்க வேண்டும். தேங்காய்மட்டைத் துண்டு ஈரத்தைக் காக்கும். ஆனால் அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும். உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையில் இன்னும் மிகுதி. சில நாள்கள் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதே மட்டையிலிருந்து வரும் நார்க்கழிவுத் தூள் காய்கறிச் செடிக்கு நல்லது. தொற்று ஆர்க்கிட்டுக்குத் தனியே அதை இடுவது தோட்டமண்ணில் நடுவதற்குச் சமம்.

ஸ்பாக்னம் பாசி தன் உலர் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். நாற்றுகளுக்கும், வேரிழந்து நலிந்த செடிகளுக்கும் அது உதவும். கடைகளில் விற்கும் ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் இறுக்கி அடைத்த பாசியில்தான் வருகிறது. அளந்து நீர்விடும் பசுமைக்குடிலுக்கு அது ஏற்றது. காற்றோட்டமில்லாத வீட்டுக் கூடத்தில் அதன் நடுப்பகுதி காய்வதே இல்லை. பெர்லைட், சுட்ட களிமண் உருண்டைகள் ஆகியவையும் புழக்கத்தில் உள்ளன.

தரைவாழ் ஆர்க்கிட்டுகளுக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தா. ஸ்பாத்தோகுளோட்டிஸ், இலைமட்கும் மணலும் கலந்த, நீர் தேங்காத கலவையில் செழிக்கும். அகத்தியமலைக்குரிய பாபியோபெடிலம் ட்ரூரியையும் தரைவாழ் இனமே. பாபியோபெடிலம் வகைகளுக்கு நீர் சேமிக்கும் போலித்தண்டு கிடையாது. எனவே சிறுதுண்டுகளாலான, முற்றிலும் காய்ந்துவிடாத கலவை வேண்டும்.

மரப்பட்டை ஏறத்தாழ 2 ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும். வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் இன்னும் விரைவாக. நொறுங்கிய தூள் தொட்டியடியில் தங்கி வடிகாலை அடைத்துவிடும். மட்கும் பட்டையில் பெருகும் நுண்ணுயிரிகள் நைட்ரசனையும் எடுத்துக்கொள்கின்றன. புதிய வேர்முனைகள் வெளிவரும் பருவமே மாற்றி நட ஏற்றது. கட்லேயா போலப் பக்கவாட்டில் வளரும் செடியின் பழைய தண்டைத் தொட்டியின் ஓரத்தோடு ஒட்டிவைத்து, புதிய குருத்துக்கு முன்புறம் இடம்விட வேண்டும். ஃபலனாப்சிஸ் போல மேல்நோக்கி மட்டும் வளர்வதை நடுவில் நடலாம்.