முற்றத்தில் ஒரு வானாய்வுக்கூடம்

வானை ஆய்தல் பெருநாடுகளுக்கும் பெரும்பொருள் படைத்தோர்க்குமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வரலாறோ வேறு கூறுகின்றது.

1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்றது. கதிரவனுக்கும் நிலவுலகுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணிக்க வாய்த்த அரிய பொழுது அது. சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூல் ஒன்றை எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். அந்நிகழ்வைப் படமெடுக்க ஜப்பானுக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் ழான்சென், 72 விநாடிகளில் 48 படங்களை எடுக்கவல்ல சுழல்கருவி ஒன்றை அமைத்திருந்தார்.

கோள்களைப் படமெடுப்பார்க்குப் பெரும்பகை காற்றே. ஓடும் நீரின் அடியிற் கிடக்கும் காசு போலக் கோளின் உருவம் ஓயாது நெளியும். படத்தகடு சில விநாடிகள் திறந்திருப்பினும் அந்நெளிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து நுண்கூறுகளை அழித்துவிடும். ஆகவே கூர்ந்து நோக்கி வரைந்த ஓவியமே நெடுங்காலம் ஒளிப்படத்தினும் சிறந்து விளங்கியது. 1990களுக்குப் பின், மலிவான கணினிக் கேமராக்கள் இந்நிலையை மாற்றின. சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, தெளிந்தவற்றை மட்டும் கணினியாற் பொறுக்கி ஒன்றாக அடுக்கும் முறை தோன்றியது. ழான்செனின் சுழல்கருவியை நினைவூட்டும் முறை இது.

இதன் பயனை உலகம் விரைவில் கண்டது. பிலிப்பைன்சின் செபு நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ, வியாழனின் வெண்சுழல் ஒன்று செந்நிறம் பெற்றதை 2006இல் கண்டறிந்தார். 2009 ஜூலை 19இல், ஆஸ்திரேலியாவின் கான்பரா அருகே வாழ்ந்த அந்தோணி வெஸ்லி, தம் வீட்டுத் தொலைநோக்கி வழியே வியாழனின் தென்முனையருகே கருவடு ஒன்றைக் கண்டார். ஏதோவொரு விண்பொருள் மோதிய தழும்பு அது. அவர் அறிவித்த பின்னரே ஹவாயிலுள்ள நாசாவின் தொலைநோக்கியும், விண்ணில் உலவும் ஹப்பிள் தொலைநோக்கியும் அத்திசை திரும்பின. 2010 ஜூன் 3இல் வியாழனில் தோன்றி நொடிப்பொழுதில் மறைந்த ஒளியை இவ்விருவரும் தனித்தனியே பதிவு செய்தனர். பெருங்கூடங்கள் ஒரே கோளை நாள்தோறும் காவல் காப்பதில்லை. இவ்விருவரும் விழித்திராவிடில் அவ்வொளி எவரும் அறியாமலே மறைந்திருக்கக்கூடும்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று பாகையில் அமைந்துள்ளது. ஆதலின் கோள்கள் இங்கு உச்சிவானை ஒட்டி உயர்கின்றன. இடைப்படும் காற்றின் கனமும் குறைகின்றது. நகரொளி மங்கிய விண்முகில்களை மறைக்குமேயன்றி, வியாழனையும் சனியையும் மறைப்பதில்லை. மேகமும் மழையுமே இடர். மேகம் விலகும் இரவுகளில் பிரிக்பீல்ட்சின் மொட்டைமாடியும் கிள்ளானின் வீட்டு முற்றமும் வானாய்வுக்கூடங்களாகலாம். விடாது நோக்கும் பழக்கத்தை ஆசிரியர் ஊட்டுவாராயின், வியாழனில் விழும் அடுத்த வடுவை முதலிற் காண்பவர் நம் தமிழ்ப்பள்ளி மாணவராகவும் இருக்கலாம் அன்றோ?