கால அளவும் காவற்கருவியும்: கொழும்பு தரும் ஒரு வரலாற்றுச் சான்று

ராடாரைத் தூரம் அறியும் கருவியென நாம் வழங்குகின்றோம். உண்மையில் அது காலத்தையே அளக்கின்றது. அனுப்பப்பட்ட வானொலி அலை ஒரு பொருளிற் பட்டு மீள எடுக்கும் காலமே தூரமாகக் கணிக்கப்படுகின்றது. எனவே, அதன் வரலாற்றைக் காலப் பங்கீட்டின் வரலாறாகவும் நோக்கலாம்.

கப்பல்கள் மோதுவதைத் தவிர்க்கும் நோக்குடன் 1904 இல் ஜேர்மானியரான கிறிஸ்தியான் ஹுல்ஸ்மையர் இத்தகைய கருவியொன்றைக் கொலோன் நகரில் இயக்கிக் காட்டினார். 1935 இன் பின்னர் பிரித்தானியாவில் வொட்சன்-வாட் குழுவினரின் முயற்சியால் அது போர்க்கருவியாக வளர்ந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், மார்ச் மாதத்திற் கொழும்பிலும் ராடார் நிலையம் அமைக்கப்பட்டது. ஏப்ரல் 4 ஆந் திகதி கனேடிய விமானி பேர்ச்சோல், ஜப்பானியக் கடற்படை அணுகுவதைக் கண்டு செய்தி அனுப்பினார். ஆயினும் மறுநாட் காலை, உயிர்த்த ஞாயிறன்று, இரத்மலானை விமானிகள் பகைவரைத் தலைக்கு மேலேயே கண்டனர். இரத்மலானைக்கும் துறைமுகத்துக்கும் இடையிலுள்ளது வெள்ளவத்தை. துறைமுகத்தை அடுத்தது கொட்டாஞ்சேனை. துறைமுகத்திற் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன.

எச்சரிக்கை கிட்டாமைக்கான காரணம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. எனினும் ஒரு கணக்கு தெளிவானது. 100 கிலோமீற்றர் சென்று மீள அலைக்கு ஒரு செக்கனில் 1500 இல் ஒரு பங்கே வேண்டும். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் விமானம் அத்தூரத்தைக் கடக்க 20 நிமிடம் எடுக்கும். அலையின் விரைவு அன்று மக்களுக்குரிய நிமிடங்களாக மாறவில்லை.

இன்று அதே கருவி, மோதல் தவிர்ப்பு என்னும் தன் முதல் நோக்கத்துக்கு மீண்டு, மோட்டார் வாகனங்களின் முகப்பிற் பொருத்தப்படுகின்றது. 77 கிகாஹேர்ட்ஸை அண்டிய அலையின் மீடிறனை அது சில பத்து மைக்குரோசெக்கன்களுள் ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றுகின்றது. இரு ஏற்றங்களின் தொடக்கங்களுக்கிடையே 50 மைக்குரோசெக்கன் இருப்பின், மயக்கமின்றி அறியத்தக்க நெருங்கு வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர்; இடைவெளி இரட்டித்தால் அது பாதியாகும். ஆகவே பொறியியலாளர் இடைவெளியைச் சுருக்க விழைவர். ஆனால், மீடிறன் தொடக்கநிலைக்கு மீண்டு நிலைபெற ஓய்வு தேவை. பெற்ற தரவைக் கணிக்கவும் அவகாசம் தேவை. இவ்வெல்லைக்குக் கீழே ஓய்வைக் குறைத்தால் அளவீடே பிழைபடும். வெவ்வேறு இடைவெளிகளை மாறிமாறிக் கையாண்டு மயக்கத்தை நீக்குவதுண்டு. அதற்கும் காலமே விலையாகின்றது.

இப்பங்கீடு வெறும் தொழினுட்பப் பிரச்சினையன்று. எதனை விரைந்து காண்பது, எதனைத் தாமதித்துக் காண்பது என்னும் தெரிவு அதனுள் அடங்கியுள்ளது. அத்தெரிவைச் செய்வோர் தூரதேசத்துத் தொழிற்சாலையினர். அதன் பயனையும் பாதகத்தையும் ஏற்போர், முச்சக்கர வண்டியும் பேருந்தும் நெருக்கியடிக்கும் காலி வீதியை வெள்ளவத்தையிற் கடக்கும் பாதசாரிகள். கருவி வந்துவிட்டமையாற் காவலும் வந்துவிட்டதென நம்பலாகாது என்பதே 1942 தரும் பாடம். எமது வீதிகளுக்கேற்ப இவ்வெல்லைகளைச் சோதித்து, முடிவுகளை மக்கள் மொழியில் வைப்பது எமது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.