தறியில் பிறந்து தையலறைக்கு வந்த கதை

பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் என் பெறாமகள் சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது தனது பாடக்குறிப்புக் கொப்பியை என்னிடம் நீட்டினாள். "பெரியப்பா, இதில வரலாறு எண்டு அரைப் பக்கம்தான் கிடக்குது. கொஞ்சம் விரிச்சுச் சொல்லுங்கோவன்" என்றாள். லீன் உற்பத்தி முறையும் நிலைபேறான உற்பத்தியும் பற்றிய பாடம் அது. கலைப்பட்டதாரியான எனக்குப் பொறியியல் தெரியாது. ஆயினும் தெரியாத விடயத்தைத் தேடிப் படிப்பது பத்திரிகைக்காரனுக்குப் பழகிய தொழில்தானே!

அந்த அரைப் பக்கம் மோட்டார் வாகனத்தில் தொடங்கியிருந்தது. உண்மையில் கதை தொடங்குவது நெசவுத் தறியில். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை ஜப்பானில் உருவாக்கியவர் சகிச்சி ரொயோடா. பழுதான துணி மேலும் நெய்யப்படாது. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம். 1924இல் முழுமைபெற்ற அவரது தானியங்கித் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்கியது. உலகுக்கெல்லாம் நெசவு இயந்திரம் விற்ற நிறுவனம் அது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. சகிச்சியின் மகன் கீச்சிரோ 1937இல் ரொயோட்டா மோட்டார் நிறுவனத்தை அமைத்தார். பிற்காலத்தில் அதன் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோவும் 1932இல் ரொயோடா நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தவரே. 1950இல் நிறுவனம் கடனில் தத்தளித்தது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் வந்தன. கீச்சிரோ பதவி விலகினார். குவித்து வைக்கப் பணமில்லாத இடத்தில், வேண்டியதை வேண்டிய பொழுதில் மட்டும் செய்வது என்ற ஓனோவின் வழி கொள்கையாக மட்டுமன்றித் தேவையாகவும் இருந்தது.

இதற்கு 'லீன்' என்ற பெயரைச் சூட்டியது ஜப்பானியர் அல்லர். கலிபோர்னியாவில் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் 1984 முதல் கூட்டாக நடத்திய ஆலையில் பொறியியலாளராக இருந்தவர் ஜோன் கிராஃப்சிக். பின்னர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்த காலத்தில், 1988இல் எழுதிய கட்டுரையில் அவர் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அதே நிறுவனத்தின் ஐந்தாண்டு ஆய்வின் பயனாக 1990இல் வெளிவந்த நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. தொழிற்சாலைத் தரையில் பிறந்த அறிவு விரிவுரை மண்டபத்தில் பெயர் பெற்றது.

பெயர் பெற்றபோது ஏதோ ஒன்று மெலிந்தும் போயிற்று என்பது என் எண்ணம். ஓனோவின் ஏழு வீண்களை மாணவர்கள் மனனம் செய்கிறார்கள்: மிகையுற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து, மிகைச் செயன்முறை, கையிருப்பு, அசைவு, பழுது. ஜப்பானியர் இவற்றை 'முடா' என்பர். அதனருகே 'முரி' என்ற சொல்லும் உண்டு. மனிதர் மீதோ இயந்திரத்தின் மீதோ தாங்கொணாச் சுமையேற்றுவதே முரி. கொப்பியில் அதற்கு ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னே நீண்ட கதை இருக்கிறது. சதோஷி கமாட்டா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் 1972இல் ரொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து ஆறு மாதம் உழைத்து, கண்டதை நாட்குறிப்பாக எழுதி 1973இல் நூலாக்கினார். 'நம்பிக்கையிழப்பின் தொழிற்சாலை' என்பது அதன் தலைப்பின் கருத்து. மூன்று தசாப்தங்களின் பின்னர், 2002இல், 30 வயதுத் தொழிலாளி ஒருவர் அந்நிறுவன ஆலையிலே சரிந்து வீழ்ந்து இறந்தார். மனைவி தொடுத்த வழக்கில் 2007இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் அதை மிகையுழைப்பு மரணமாக ஏற்றது. தன்னார்வம் என்று சொல்லப்பட்ட தரமேம்பாட்டுக் குழு வேலைகளையும் நீதிமன்றம் பணியாகவே கருதியது.

ஏழு வீண்களின் பட்டியலில் புகைக்கும் கழிவுநீருக்கும் இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிறிது சிறிதாக, அடிக்கடி பொருள் அனுப்பும் முறையால் ஜப்பானிய வீதிகளில் லொறிகள் பெருகின. கையிருப்பு குறைந்தது, நெரிசல் கூடியது. இரண்டு பாடங்களும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படுவதன் தேவை இதனால்தான். இவ்வகையில் நமது நாடு முன்னோடி எனலாம். 2008இலேயே சீதுவையில் பிரண்டிக்ஸும் துல்கிரியவில் மாஸ் நிறுவனமும், மின்சாரமும் நீரும் குறைவாகச் செலவாகும் பசுமை ஆடைத் தொழிற்சாலைகளை இயக்கத் தொடங்கின. மாஸ் நிறுவனம் ரொயோட்டா முறையைத் தழுவித் தனக்கென ஓர் இயக்க முறையையும் வகுத்துக்கொண்டது. போருக்குப் பின்னர் அந்தத் தையல் வரிசைகள் கிளிநொச்சிக்கும் வந்தன. தறியில் பிறந்த முறை மோட்டார் வாகனத்தைச் சுற்றிவிட்டுத் துணிக்கே திரும்பியது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது பெறாமகள் தன் பயிற்சிக் காலத்து அனுபவத்தைச் சொன்னாள். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். கையில் நேரங்கணிக்கும் மணிக்கூட்டுடன் வரிசையருகே நின்றாளாம். தைக்கும் பெண் தண்ணீர் குடிக்க எழுந்த ஒவ்வொரு தடவையையும் 'தேவையற்ற அசைவு' என்ற நிரலில் குறிக்கச் சொன்னார்களாம்.

"நீ குறிச்சியோ?" என்று கேட்டேன்.

"முதல் நாள் குறிச்சனான் பெரியப்பா. அந்த அக்காவுக்கு என்ர வயசுதான் இருக்கும். அடுத்த நாள் நான் நிக்கிறதைக் கண்டு அவ தண்ணி குடிக்க எழும்பவே இல்லை."

அறிக்கை அடுத்த மாதம் ஒப்படைக்கவேண்டுமாம். இரண்டாம் நாளுக்குரிய நிரல் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. கமாட்டா நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை என் அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறினாள்.