குன்றிய வளர்ச்சியும் குழந்தையை அளக்கும் முறைகளும்: லாச்சப்பலிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1970இல் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிசில் கூடியபோது, நகரின் வடபகுதியாகிய லாச்சப்பலில் தமிழ்க் கடைத்தெரு இல்லை. 1980களில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தோரே அதனை உருவாக்கினர். மாநாடு நிகழ்ந்த அதே ஆண்டு ஜூலைத் திங்களில் பிரெஞ்சு நாடு ஒரு சட்டம் இயற்றிற்று. பிறந்த எட்டு நாளுக்குள்ளும், ஒன்பதாம் மாதத்திலும், இருபத்து நான்காம் மாதத்திலும் ஒவ்வொரு குழந்தையையும் மருத்துவர் ஆய்ந்து சான்றிதழ் அளித்தல் வேண்டும் என்பது அது. இன்று லாச்சப்பல் தாய்மார் தாய்சேய் நல நிலையத்திற்குக் கொண்டுசெல்லும் குறிப்பேட்டில் எடைக்கும் உயரத்திற்கும் உரிய வளைகோடுகள் உள்ளன. சான்றிதழ்களோ வேறு செய்திகளையும் வினவுகின்றன: குழந்தை பற்றுக்கோடின்றி உட்காருகிறதா, விரலால் சுட்டுகிறதா, இரு சொற்களை இணைக்கிறதா? குழந்தையை எதனால் அளப்பது என்னும் இவ்வினாவின் வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு.

உயரத்தை வறுமையின் சான்றாகப் படித்தவருள் முன்னோடி பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே. படைக்கு ஆளெடுத்தபோது பதிவான உயரங்களை ஆராய்ந்து 1829இல் அவர் வெளியிட்ட கட்டுரை, செல்வம் மிக்க பகுதிகளில் இளைஞர் உயர்ந்தும் விரைந்தும் வளர்கின்றனர் என்றும், வறுமையே வளர்ச்சியைக் குறைத்துத் தாமதப்படுத்துகிறது என்றும் காட்டிற்று. பாரிசின் வட்டாரங்களை ஒப்பிட்டும் அவர் இதனை நிறுவினார். லாச்சப்பல் அன்று நகர எல்லைக்கு வெளியே இருந்த ஊர். 1860இல்தான் பாரிசோடு இணைந்தது. 1892இல் பியேர் புதேன் பாரிசு மருத்துவமனையொன்றில் கைக்குழந்தைகளை முறையாக நிறுத்துப் பார்க்கும் ஆலோசனைக் கூடத்தைத் தொடங்கினார். உயரத்தைவிட எடை எளிதில் அளக்கத்தக்கது. சில வாரங்களிலேயே மாறுதலைக் காட்டுவது. ஆதலின் உலகெங்கும் தராசே நிலைபெற்றது.

தமிழ்நாட்டிலும் அவ்வாறே. உலக வங்கியின் உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்க்கு மட்டும் தொண்ணூறு நாள் துணையுணவு வழங்கிற்று. ஊர்ப்பெண் ஒருத்தி தராசும் அட்டையும் கொண்டு நடத்திய இப்பணியால் கடும் ஊட்டக்குறை தணிந்ததெனப் பின்னைய மதிப்பீடுகள் கூறின. 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் புகழ் பெரிது. ஆயினும் அது இரண்டு வயது நிறைந்த குழந்தையையே பந்திக்கு அழைத்தது. உயரம் குன்றுவதோ பெரும்பாலும் கருவிலும் முதல் ஈராண்டிலும் நிகழ்வது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் 25 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். ‘நம் இனமே குட்டை’ என்பார்க்கு 2006இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சித் தரங்கள் விடையாகும். அதற்கென அளக்கப்பட்ட தில்லிக் குழந்தைகள், நல்ல ஊட்டமும் சூழலும் பெற்றவிடத்து, ஆசுலோக் குழந்தைகளை ஒப்பவே வளர்ந்தனர்.

உணவு மட்டும் போதுமா? 1980களின் பிற்பாதியில் சமைக்காவின் கிங்சுடனில் சாலி கிரந்தம் மெக்கிரிகர் குழுவினர், ஒன்பது முதல் இருபத்து நான்கு மாதம் வரையிலான, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பாலுணவு, ஒன்றுக்கு வாரம் ஒரு மணிநேரம் வீட்டிற்கு வந்து தாயுடன் சேர்ந்து விளையாட்டு, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டுமில்லை. விளையாட்டுப் பொருள்கள் வீட்டில் எறியப்படுவனவற்றால் ஆனவை. ஈராண்டின் முடிவில் இரண்டும் பெற்ற குழந்தைகள் குன்றாத குழந்தைகளின் அறிவுவளர்ச்சியை ஏறத்தாழ எட்டினர். உணவு மட்டும் தந்த அறிவுப் பயன் பின்னர் மங்கிற்று. விளையாட்டின் பயன் நிலைத்தது. இருபத்திரண்டு வயதில் விளையாட்டுப் பிரிவினரின் வருவாய் 25 விழுக்காடு மிகுந்திருந்தமையை 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. உடல் குன்றினால் அறிவும் குன்றியே தீரும் என்னும் எண்ணம் இங்கே தளர்கிறது.

தராசு வருமுன் தமிழ் குழந்தையை எவ்வாறு நோக்கிற்று? பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைத் திங்கள்களில் அமைப்பதுண்டு. செங்கீரையில் தலையெடுத்து அசைதல், சப்பாணியில் கைகொட்டல், வருகையில் தளர்நடை, அம்புலியில் நிலவை விளையாட அழைத்தல் என எல்லாம் செயலே. உடலளவு எதுவும் பருவமாகவில்லை. பாட்டுடைத் தலைவர் கடவுளரும் அரசரும் ஆதலின் இவற்றை மருத்துவ நூலாக்கும் ஆர்வம் நமக்கு வேண்டா. எனினும், சான்றிதழ்களின் வினாக்களை இவற்றின் அருகே வைத்து நோக்குவது வீண் ஒப்பீடன்று. இரண்டும் குழந்தை மற்றவரோடு என்ன செய்கிறது என்றே கேட்கின்றன.

லாச்சப்பல் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குன்றல் பரவியுள்ளது என்பது இக்கட்டுரையின் கூற்றன்று. இங்கு இடர் வேறிடத்தில் உள்ளது. எடையையும் உயரத்தையும் அளக்க மொழி வேண்டா, கருவி போதும். இருபத்து நான்காம் மாதத்தில் ‘அம்மா வா’ என்னும் குழந்தை இரு சொற்களை இணைத்துவிட்டது. தமிழறியா மருத்துவர் அதனைக் குறிப்பேட்டில் பதிய, தாயைத்தான் கேட்க வேண்டும்.