இன்வென்ட், டிஸ்கவர்: பிரிந்துபோன இரு வினைகள்

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூல், மே 3-ஆம் நாளுக்கு நேரே ‘இன்வென்ஷன் ஆஃப் தி கிராஸ்’ என்று குறிக்கிறது. இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்தவர், யாரோ சிலுவையைப் புதிதாக உருவாக்கினார்கள் என்றே நினைப்பார். உண்மையில், பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலெனா எருசலேமில் அதைக் கண்டெடுத்தார் என்ற மரபை நினைவுகூரும் நாள் அது.

‘இன்வென்ட்’டின் மூலம் ‘இன்வெனீரே’ என்ற லத்தீன் வினை. ‘வெனீரே’ என்றால் வருதல். ஒன்றை வந்து எதிர்ப்படுவதே பழம்பொருள். சரக்கிருப்புப் பட்டியலான ‘இன்வென்டரி’யில் அது இன்றும் உயிரோடிருக்கிறது: இருக்கக் கண்ட பொருள்களின் பட்டியல். ‘டிஸ்கவர்’ என்பதோ மூடியதைத் திறத்தல். ஷேக்ஸ்பியர் காலத்தில் ரகசியத்தை வெளியிடுவதற்கும் அதே சொல்தான். சதுரங்கத்தில் ஒரு காய் நகர்ந்ததும் பின்னாலிருந்த காய் அரசனைத் தாக்குவதை ‘டிஸ்கவர்ட் செக்’ என்கிறார்கள். மறைப்பு விலகியது என்பதே அங்கே பொருள்.

இல்லாததை ஆக்குவது ஒன்று, இருப்பதைக் காண்பது மற்றொன்று என்ற பள்ளிக்கூட விளக்கம் பிற்காலத்தில் இறுகியது. 1624-ஆம் ஆண்டின் ஆங்கிலேய ஏகபோகச் சட்டம் முதல் ‘இன்வென்டரு’க்கு உரிமை தந்தது, வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை முதலில் கொண்டுவந்தவரையும் நீதிமன்றங்கள் அச்சொல்லில் அடக்கின. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்போ, இன்வென்டர்களுக்கு அவர்களுடைய ‘டிஸ்கவரி’களின்மேல் உரிமை வழங்கலாம் என்கிறது.

இந்த நெகிழ்ச்சி நம் காலத்தில் நோயாளிகளைத் தொட்டது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் இரண்டு மரபணுக்களுக்கு மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. உடலிலிருந்து பிரித்தெடுத்த மூலக்கூறு இயற்கையில் உள்ளதிலிருந்து வேறானது என்பது அதன் வாதம். 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக மறுத்தது. பிரித்தெடுத்ததனாலேயே இயற்கை டி.என்.ஏ. இன்வென்ஷன் ஆகிவிடாது, ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கும் சி.டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை தரலாம் என்றது. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் 3-ஆம் பிரிவில், ஓர் அறிவியல் தத்துவத்தைக் கண்டறிவது மட்டும் இன்வென்ஷன் ஆகாது என்கிறது.

அந்த மரபணுக்களில் ஒன்று 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் 1990-இல் காட்டியது பெரும் அறிவியல் சாதனை. கண்டவருக்குப் புகழும் பரிசும் எவ்வளவு தந்தாலும் தகும். ஆனால், ஒரு பெண் தன் உடலில் உள்ளதைச் சோதித்தறிய ஒரே நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தீர்ப்பு வந்த அன்றே வேறு ஆய்வகங்கள் தாங்களும் அச்சோதனையைச் செய்வதாக அறிவித்தன.