வரைபலகையில் பிறந்த அரூபம்

முப்பது வருடம் என்ஜினியராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு அரூப ஓவியம் வரைய உட்கார்ந்தால், கண்காட்சிக் கையேட்டில் அவரைப் பற்றி வரப்போகும் வாசகத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம்: அளவுகோலுக்கும் கணக்குக்கும் கட்டுப்பட்டுக் கிடந்த கை இப்போதுதான் அவிழ்ந்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கு வருகிறவனுக்குக் கற்பனை வராது என்ற பள்ளிக்கூடத்து நம்பிக்கையும் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டினால் இந்தக் கதை நிற்காது. கண்ணுக்குத் தெரிகிறபடி வரைவதை ஓவியர்கள் கைவிடுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர்கள் கைவிட்டிருந்தார்கள். வரைபலகையிலிருந்து வருகிறவருக்கு அரூபம் பழகிய மொழி. அவரைத் திணறடிப்பது வேறொன்று.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெஸியேர் நகரில் ஒரு ராணுவப் பொறியியல் பள்ளி இருந்தது. எதிரியின் பீரங்கி எந்த மேட்டிலிருந்து சுட்டாலும் உள்ளே நிற்பவன்மேல் படாத அளவுக்குக் கோட்டைச் சுவர் எழும்ப வேண்டும். அந்த உயரத்தைக் கண்டுபிடிக்க அங்கே நாள்கணக்கில் எண்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். காஸ்பார் மோன்ஜ் என்ற இளைஞர் அதை வரைபடத்திலேயே முடித்துக் காட்டினார். பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் நிழல்போல விழச் செய்து, அந்த இரண்டு நிழல்களிலிருந்தே முழு வடிவத்தையும் பிடித்துவிடுவது அவர் முறை. ராணுவ ரகசியமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த அது, புரட்சிக்குப் பிறகு 1795இல் அவர் நடத்திய வகுப்புகளில்தான் வெளியே வந்தது. இன்று பாலிடெக்னிக் மாணவர் போடும் மேல்தோற்றமும் முன்தோற்றமும் அதன் வாரிசுகள். ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அது ஓர் அறுகோணம், உள்ளே ஒரு வட்டம். பக்கத்திலிருந்து சில நேர்கோடுகள். மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு, மையத்துக்கு நீளமும் குட்டையுமாக மாறிவரும் கோடு, வெட்டுமுகத்துக்கு 45 டிகிரிச் சாய்கோடுகள். இந்த மொழி தெரியாதவர் தாளைப் பார்த்தால் போல்ட் தெரியாது, வெறும் கோலம்தான் தெரியும். 1822இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஃபாரிஷ் ஐசோமெட்ரிக் வரைமுறையை விளக்கி எழுதினார். அதில் இணைகோடுகள் கடைசிவரை சந்திப்பதில்லை, தூரத்தில் இருப்பது சிறுத்துப் போவதில்லை. பார்க்கிறவன் நிற்பதற்கென்று ஓர் இடமே கிடையாது. மறுமலர்ச்சிக் காலம் முதல் ஐரோப்பிய ஓவியத்தைக் கட்டிப்போட்டிருந்த அந்த ஒற்றைக் கண், எந்த அறிக்கையும் முழக்கமும் இல்லாமல் தொழிற்சாலைத் தாளிலிருந்து காணாமல் போயிற்று.

இந்தத் தாளுக்கும் அரூப ஓவியத்துக்கும் உள்ள உறவைக் காட்ட எல் லிஸ்ஸிட்ஸ்கி ஒருவர் போதும். யூதர் என்பதால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலை படித்தவர் அவர். பின்னாளில் வீட்டெப்ஸ்க் நகரில் அரூப ஓவியர் மலேவிச்சின் செல்வாக்குக்கு உள்ளானார். மலேவிச் பொறியாளர் அல்ல. 1915இல் அவர் காட்சிக்கு வைத்த கறுப்புச் சதுரத்துக்கும் டி-ஸ்கொயருக்கும் நான் முடிச்சுப் போடப் போவதில்லை. ஆனால் அந்தத் தட்டையான சதுரங்களை லிஸ்ஸிட்ஸ்கி என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். ‘ப்ரோவுன்’ என்று பெயரிட்ட வரிசையில் அவற்றைத் திண்மம் உள்ள கட்டைகளாகவும் பலகைகளாகவும் மாற்றி, இணைகோட்டு முறையில் வெற்றுவெளியில் மிதக்க விட்டார். எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாத அந்த மிதப்பு அவர் கல்லூரியில் கற்ற வரைமுறையின் கொடை. ம்யூனிக்கில் பொறியியல் படித்த நாவும் காபோ இன்னும் ஒரு படி போனார். 1919-20இல் அவர் செய்த படைப்பில் இருப்பது ஒரே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, அடியில் ஒரு மோட்டார். மோட்டார் ஓடாதபோது அது வெறும் கம்பி. ஓடும்போது கம்பி அதிர்ந்து, அங்கே இல்லாத ஒரு வளைந்த உருவம் காற்றில் நிற்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அரூப ஓவியத்தின் ஊற்று ஆன்மிகம் அல்லவா, காண்டின்ஸ்கியும் மோந்த்ரியானும் பிரம்மஞானத்தைப் படித்தவர்கள் அல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான். அதிலும் நமக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது: பின்னாளில் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரான அன்னி பெசன்ட், லெட்பீட்டருடன் சேர்ந்து எழுதிய ‘எண்ண வடிவங்கள்’ நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு காண்டின்ஸ்கியிடம் இருந்தது. கோபம், பக்தி, பேராசை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் வடிவமும் கொடுத்து, உருவமில்லாத வண்ணப் படங்களாகவே அச்சிட்ட புத்தகம் அது. ஆனால் எண்ணத்துக்கு வடிவம் இருக்க முடியும் என்று வாசகரை நம்பவைக்க அந்த நூலே எதைத் துணைக்கு அழைக்கிறது? உலோகத் தட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வில்லால் இழுத்தால் அதிர்வு வரைகிற கிளாட்னி உருவங்களை; ஊசலில் கட்டிய பேனா வரைகிற வளைவுகளை. ஞானதிருஷ்டியும் ஆய்வுக்கூடத்தின் சாட்சியைக் கேட்டுத்தான் நின்றது. ஆன்மிக ஊற்றை மறுக்க வேண்டியதில்லை. அந்த ஊற்றிலும் கருவிகளின் தண்ணீர் கலந்திருந்தது என்கிறேன்.

தொழிலை முடித்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர் என்றால் என் பட்டியலில் முதல் பெயர் ஃபிராங்க் மலினா. டெக்சாஸில் 1912இல் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் விமானவியல் அறிஞர் வான் கார்மானின் மாணவர். ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைத் தொடங்கிய சிலரில் ஒருவர், அதன் இயக்குநராகவும் இருந்தவர். 1945 அக்டோபரில் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரம் போன வாக் கார்ப்பொரல் ராக்கெட் அவர் தலைமையில் உருவானது. பிறகு பாரிசில் யுனெஸ்கோ வேலை. 1953இல் அதையும் விட்டுவிட்டு ஓவியர் ஆனார். கம்பிவலைகளை அடுக்கி, பார்க்கிறவர் நகரும்போது கோடுகள் நெளிவதுபோல் செய்து பார்த்தார். பிறகு படத்துக்குள் மின்விளக்கை வைத்தார். ‘லூமிடைன்’ என்று அவர் பெயரிட்ட அமைப்பு இது: ஆழம் குறைந்த ஒரு பெட்டி, அதன் பின்பலகையில் விளக்குகள். முன்னால், சிறு மோட்டாரால் மெதுவாகச் சுற்றும், வண்ணம் பூசிய ஒளிபுகு வட்டுகள். அதற்கும் முன்னால் அசையாத இன்னொரு வண்ணத் தகடு. எல்லாவற்றையும் மூடி ஒளியைப் பரப்பும் மங்கலான திரை. வெளியே நிற்பவருக்கு எந்திரம் தெரியாது. நிறங்கள் கூடுவதும் கரைவதும் மட்டும் தெரியும். சுழலும் பகுதிக்கு ரோட்டார், நிலையான பகுதிக்கு ஸ்டேட்டர் என்றே பெயர் வைத்தார். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரருக்குப் புரிகிற சொற்களில் தன் ஓவியத்தை விளக்கிய மனிதர், பழைய தொழிலிடமிருந்து தப்பி ஓடியவராக எனக்குத் தோன்றவில்லை.

தப்பி ஓட அவருக்குக் காரணம் இருந்தது என்பது வேறு விஷயம். கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பைப் பழைய படிவம் ஒன்றில் மறைத்தார் என்று 1952இல் அமெரிக்காவில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது, பாஸ்போர்ட்டும் பறிபோனது. கையில் பணமும் இருந்தது: அவரும் நண்பர்களும் 1942இல் தொடங்கிய ஏரோஜெட் நிறுவனத்தின் பங்குகள். அரசியல் துரத்தியது, பங்கு சோறு போட்டது, இதில் வரைபலகைக்கு என்ன பெருமை என்று ஒருவர் கேட்கலாம். அந்த இரண்டும் சேர்ந்து ஒருவரை வேலையிலிருந்து வெளியேற்றும். வெளியே வந்தவர் நிலக்காட்சி வரைவாரா, ரோட்டாரும் ஸ்டேட்டரும் வைத்து ஒளியை ஓடவிடுவாரா என்பதை அவை சொல்லித் தராது.

இன்னொரு குறையை என்னால் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. மலினாவின் படைப்புகள் பலவற்றில் கோள்பாதையும் விண்வெளியும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1965இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெர்கமான் பதிப்பகத்துக்காகச் செய்த பெரிய சுவர்ப்படைப்புக்கு ‘பிரபஞ்சம்’ என்றே பெயர். விஞ்ஞானத்துக்கு வரைந்த அழகான விளக்கப்படம்தானே என்று கேட்பவருக்குப் பாதி நியாயம் உண்டு. பொறியாளரின் கோடு எப்போதும் எதையோ குறிக்கும். அதை வைத்து ஒரு பொருளைச் செய்ய முடிய வேண்டும். அந்தப் பயனைக் கழற்றி வைப்பதுதான் அவருக்குக் கடினம். மலினா முழுதாகக் கழற்றவில்லை என்பதே என் கணிப்பு.

கழற்றியவரைத் தேடினால் சென்னைக்கு வர வேண்டும். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கைத்தொழில் பள்ளிதான் பிறகு சென்னை ஓவியக் கல்லூரி ஆனது. தந்தித் துறையில் வேலை பார்த்த கே.சி.எஸ். பணிக்கர் 1936இல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். தந்தியின் புள்ளியும் கோடும்தான் பின்னாளில் அவர் ஓவியத்தில் வந்தன என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது; ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ளது வேறொன்றுக்கு. 1963 வாக்கில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வித்து, ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம். எண்கள், அட்டவணைக் கோடுகள், ஜாதகக் கட்டம்போன்ற சதுரங்கள், மலையாள எழுத்தைப் போலத் தெரிந்தும் படிக்க முடியாத வரிகள் எல்லாம் அந்தத் திரைச்சீலைகளில் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. ஒழுங்கு அத்தனையும் கணக்கு நோட்டின் ஒழுங்கு. கீழே விடை மட்டும் எழுதப்படவில்லை.